அந்நிய நாட்டுப் பிரயாணமும் வழிகாட்டி நூலும்

ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும், வறுமையோடு எதிர்ப்பட்ட தம்மினத்தார்க்குத் தாம் சென்று வந்த வழியையும் பெற்ற வளத்தையும் எடுத்துரைத்து, வள்ளலிடம் செலுத்துவது ஆற்றுப்படை எனத் தொல்காப்பியம் இலக்கணம் கூறும். மேல்வகுப்பு மாணவர் இதனைப் பரீட்சைக்காகப் படித்து அத்துடன் விட்டுவிடுவர். ஆயின், அந்நிய நாட்டுப் பிரயாணத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் வாங்க விரும்புவோர்க்கும் இவ்விலக்கணம் பெரிதும் பயன்படும். வழி கூறுபவன் தானே அவ்வழியிற் சென்று மீண்டவனாதல் வேண்டும் என்பதே அதன் உயிர்நிலை.

நம் பழைய மாணவருட் பலர் கடல் கடந்து வாழும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காணச் செல்லுகின்றனர். சென்றவிடத்திற் பாரிஸ், ரோம் முதலிய நகரங்களையும் பார்த்துவர விழைகின்றனர். பலர்க்கு அது சேமித்த பணத்தைச் செலவிட்டு ஆயுளில் ஒருமுறை செய்யும் பிரயாணம். பிழையான நூலை நம்பி இழந்த நாள் மீண்டும் வாராது.

சென்று வந்தவன் கூறவேண்டும் என்பதை இன்று வற்புறுத்தக் காரணம் உண்டு. கணினியைக் கொண்டு சில மணி நேரத்தில் ஆக்கிய போலி வழிகாட்டி நூல்கள், பொய்யான ஆசிரியர் பெயரோடும் புகழுரைகளோடும் இணையச் சந்தையில் விற்கப்படுவது 2023இற் பத்திரிகைகளில் வெளியாயிற்று. எனவே நூலின் அட்டையைப் பார்த்து மயங்காது, ஆசிரியர் யாவர், முன்பு என்ன எழுதினர், அவ்வூரில் எத்துணைக் காலம் தங்கினர் என்பவற்றை முதலில் ஆராய்க. இவை யாதும் கூறாத நூலைக் கீழே வைத்துவிடலாம்.

இத்துறையில் இலக்கியமாய் விளங்கியவர் ஜேர்மனியராகிய கார்ல் பேடெக்கர். 1827இற் கோப்லென்ஸ் நகரிற் புத்தகக்கடை தொடங்கிய இவர், பின்னர் வழிகாட்டி நூல்களை வெளியிட்டுப் பெரும் பெயர் பெற்றார். மிலான் நகரப் பேராலயத்தின் கூரைக்கு ஏறும்போது, இருபது படிக்கு ஒன்றாகப் பட்டாணிக் கடலையை ஒரு சட்டைப்பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றிப் படிகளை எண்ணினார் என்றும், இறங்கும்போது மீண்டும் எண்ணிச் சரிபார்த்தார் என்றும் சொல்வர். படிக்கணக்குத்தானே என்று நகைப்போரும் உளர். முழங்கால் நோவுடைய பிரயாணிக்கு அதனினும் வேண்டிய செய்தி வேறில்லை! அந்நிலையத்து நூல்கள் விளம்பரங்களை ஏற்கவில்லை. பிழை கண்டோர் எழுதியறிவிக்குமாறும் முன்னுரையில் வேண்டின. விடுதிக்காரரின் விளம்பரத்தை ஒரு பக்கத்தில் அச்சிட்டு, மறுபக்கத்தில் அதே விடுதியைப் புகழும் நூல்களை இத்தோடு ஒப்புநோக்குக.

அடுத்து நோக்கத்தக்கது காலம். பதிப்புரைப் பக்கத்தில் மீள் அச்சு எனவுளதா, திருத்திய பதிப்பு எனவுளதா என்று காண்க. மீள் அச்சில் ஆண்டு புதிது, செய்தி பழையது. பாரிஸ் நகரத்து நோத்ர தாம் ஆலயம் 2019 ஏப்ரிலில் தீப்பற்றி மூடப்பட்டு, 2024 டிசெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. 2018இல் அச்சான நூலோடு 2022இற் சென்றவர் பூட்டிய வாயிலையே கண்டிருப்பர். 2021இல் அச்சான நூலை இன்று நம்புபவர், திறந்திருக்கும் ஆலயத்தைப் பாராது திரும்புவர்.

இனி, அந்நூல் யாருக்கு எழுதப்பட்டது? இதனை நம்மவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பாணன் பாணனுக்கே வழி கூறினான். ஆங்கில நூல்களிற் பல இங்கிலாந்து, அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாட்டாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றில் ‘விசா வேண்டியதில்லை’ என்றிருப்பின் அது அவர்தம் கடவுச்சீட்டுக்கே பொருந்தும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் பிரான்சு, இத்தாலி முதலிய ஷெங்கன் நாடுகளுட் புகுவதற்கு மாத்திரமன்றி, அங்குள்ள விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் ஏறுவதற்கும் பொதுவாக விசா பெறல் வேண்டும். சில விலக்குகளும் உள. ஆதலால் இவ்விடயத்தில் எந்த நூலையும் நம்பாது, அவ்வந்நாட்டுத் தூதரகத்தில் விசாரித்தலே தக்கது. மரக்கறி உணவு பற்றிய குறிப்பும் இத்தகையதே. மீனை மரக்கறியோடு சேர்த்தெண்ணும் நூலாசிரியரும் உளர்!

நல்ல நூல் இடையூறுகளை மறையாது. மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. நன்னனது மலைக்குச் செல்லும் கூத்தர்க்குப் பன்றி பிடிக்க வைத்த பொறிகள் இருக்கும் இடத்தை விடிந்தபின் கடக்குமாறும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு மறைந்து செல்லுமாறும் அது கூறுகின்றது. வழுக்கும் இடமும் பாம்புறையும் இடமும் சொல்லப்படுகின்றன. வள்ளலைப் புகழ வந்த புலவரே வழியின் கொடுமையை ஒளிக்கவில்லை. எல்லா ஊரும் அழகியது, எல்லா உணவும் சுவையுடையது என்று எழுதும் நூலாசிரியர்க்கு இதனைப் படித்துக்காட்ட வேண்டும்.

இத்தனையும் பார்த்த பின்னும் ஐயமிருப்பின் ஒரு சோதனை உண்டு. அதே நிலையத்தார் இலங்கைக்கென வெளியிட்ட நூலை எடுத்து யாழ்ப்பாணப் பகுதியைப் படிக்க. நல்லூர்க் கோயிலுள் ஆடவர் மேலாடையின்றிச் செல்லவேண்டும் என்பது சொல்லப்பட்டுள்ளதா? நயினாதீவுக்குப் படகேறும் துறை குறிகட்டுவான் என்று உளதா? 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியதை அறிந்து எழுதியுள்ளனரா? நாம் அறிந்த ஊரைச் செம்மையாக எழுதியவர், நாம் அறியாத ஊரையும் பெரும்பாலும் செம்மையாக எழுதியிருப்பர். ஒவ்வொரு நாட்டு நூலையும் வெவ்வேறு ஆசிரியர் எழுதுவதனால் இச்சோதனை முற்றும் முடிவானதன்று; எனினும், அந்நிலையத்தின் கண்டிப்பு எத்தகையது என்பதை இது காட்டிவிடும்.

காலங்கடந்த நூல்களை எறிந்துவிடுதலும் வேண்டா. தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குமாறு கூறும் நூல் எவரிடமேனும் இருக்கலாம். தனுஷ்கோடியை 1964 டிசெம்பர்ப் புயல் அழித்துவிட்டது. அத்தகைய நூல் பிரயாணப் பெட்டிக்கு உதவாது. கல்லூரி நூல்நிலையத்துக்குத் தந்தால், சரித்திர மாணவர் எடுத்துப் படிப்பர்.