மாடித் தோட்டம்: உறுப்பினர் கல்விப் பாடம்

மயிலாப்பூர்த் தெற்கு மாட வீதியில் நாள்தோறும் காய்கறி வாங்குவோர் விலையின் ஏற்றத்தாழ்வை நன்கறிவர். 2013 ஆம் ஆண்டில் சென்னையில் காய்கறி விலை உயர்ந்தபோது அரசு இரு முயற்சிகளை மேற்கொண்டது. கூட்டுறவுத் துறை, பண்ணைப் பசுமை நுகர்வோர் கடைகளைத் திறந்தது. தோட்டக்கலைத் துறை, ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்னும் திட்டத்தின்கீழ்ச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பை, தென்னை நார்க்கழிவு, விதை முதலியன அடங்கிய தொகுப்பை மானிய விலையில் வழங்கியது. முன்னது விளைவிப்போரையும் உண்போரையும் அருகில் கொணர்ந்தது. பின்னது உண்போரையே விளைவிப்போராக்க முயன்றது.

நெசவாளர்க்கும் உழவர்க்கும் இதனால் பயன் என்னவென்று உறுப்பினர் வினவலாம். நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று நகரத்தில் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். உழவர்க்கோ, நாற்று, மண்புழு உரம், நார்க்கழிவு உரம் ஆகியவற்றை விற்க இது புதியதொரு வழி. ஆதலின் இதன் நிறைகுறைகளை அறிதல் நலம்.

1. எவற்றைப் பயிரிடலாம்?

சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்த இருபத்தைந்து, முப்பது நாளில் பறிக்கத்தக்கவை. புதினாவைக் கடையில் வாங்கிய தண்டிலிருந்தே வளர்க்கலாம். கொத்தமல்லிக்குக் கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம்; கோடையில் அது விரைவில் பூத்து வீணாகும். கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றுக்குப் பெரிய பையும் நாள் முழுதும் வெயிலும் வேண்டும். வெங்காயம், முட்டைக்கோசு முதலியவற்றில் செலவுக்கேற்ற விளைவு கிட்டாது.

தென்னை நார்க்கழிவில் உப்பு மிகுந்திருத்தல் உண்டு. அதனை இருமுறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே மண்ணுடனும் மட்கிய எருவுடனும் கலத்தல் வேண்டும்.

2. பாரமும் கசிவும்

அடையாற்றில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டுக் குடும்பத்தார் மாடியில் தோட்டமிட்டதை நாம் கண்டோம். ஐப்பசி மழையில் மேல்தள வீட்டின் கூரை கசிந்தது. பைகளே காரணமென்று அவ்வீட்டார் கூற, அவற்றை அகற்றும் நிலை வந்தது. பின்னர் அனைவரும் கூடி, மழைநீர் இறங்கும் குழாயருகில் பை வைப்பதில்லை, ஒவ்வொரு பையையும் செங்கல்மேல் வைப்பது, தளத்தில் நீர்க்காப்புப் பூச்சிடும் செலவைச் சமமாகப் பகிர்வது என்று முடிவுசெய்து ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டனர். தோட்டமும் நிலைத்தது, நட்பும் நிலைத்தது.

ஒரு கன அடி ஈரமண் ஏறக்குறைய 45 கிலோ எடையுள்ளது. நார்க்கழிவு கலந்தால் பாரம் பெரிதும் குறையும். கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைத்தலாகாது. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

3. நீர்

கோடையில் ஒரு பைக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் நீர் தேவை. இருபது பைக்கு இரண்டு மூன்று குடம் ஆகும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றியபோது, லாரி நீருக்குக் காத்துநின்ற நகரத்தில் அதுவும் பெருஞ்செலவே. மேற்கூறிய எட்டுக் குடும்பத்தார் அவ்வாண்டு, அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் எத்தனை பைக்குப் போதுமோ அத்தனையை மட்டும் வைத்துக்கொண்டனர். இதுவே நல்ல அளவுகோல்.

4. கூட்டாகச் செய்யத்தக்கவை

2020 மே மாதத்தில் கொரோனாத் தொற்றினால் கோயம்பேட்டுச் சந்தை மூடப்பட்டு வணிகம் திருமழிசைக்கு மாறியபோது, மாடியில் நான்கு பை கீரை வைத்திருந்தோர் அடைந்த ஆறுதலை நாம் நேரில் கண்டோம். எனினும் மாடித் தோட்டம் உழவனின் வயலுக்கு மாற்றாகாது. அடுக்களைக்குத் துணையாகும் அவ்வளவே. விதையையும் எருவையும் தனித்தனியே சிறு பொட்டலமாக வாங்குவதால் செலவு மிகுகிறது. பத்துக் குடும்பம் சேர்ந்து ஓர் உழவர் சங்கத்திடம் நேரே வாங்கின், இருசாரார்க்கும் நன்மையாம்.

ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் நாற்று வளர்த்து நகரத்துக்கு அனுப்ப இயன்றவர் எத்துணைப் பேர்?
2. அதற்காகும் வண்டிச் செலவை எவ்வாறு பகிர்வது?
3. பொது மாடியைப் பயன்படுத்துவோர் எழுதிக்கொள்ள வேண்டிய விதிகள் யாவை?

அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன் உறுப்பினர்கள் இவற்றைத் தம்முள் கலந்து பேசி வருதல் வேண்டும்.