பூட்டிய கோப்பு எது? எக்செல் மேக்ரோவில் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

திருத்தணி போன்ற எல்லை ஊரில் டிடிபி கடை வைத்தால், ஒரே ஆடிக் கிருத்திகை நோட்டீஸைத் தமிழிலும் தெலுங்கிலும் அடிக்க வேண்டிவரும். போன வருடக் கோப்பைத் திறந்து, தேதியை மாற்றி, அதன் மேலேயே சேமித்தால் மூலம் போய்விடும். அதனால் மூலத்தை ‘ரீட் ஒன்லி’ ஆக்கிப் பூட்டிவைப்பது நல்லது. ஆனால் கோப்புகள் பெருகியபின் ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து பார்த்தால் பொழுது போய்விடும். எக்செலின் விபிஏ மேக்ரோ மொழியில் இதற்கென்றே ‘கெட்அட்டர்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

1. கேட்டுப் பாருங்கள்

எக்செலில் ஆல்ட், எஃப்11 சேர்த்து அழுத்தினால் எடிட்டர் வரும். அங்கே கன்ட்ரோல், ஜி. திறக்கும் இமீடியட் விண்டோவில் கேள்விக்குறி போட்டு, ஆங்கிலத்தில் ‘கெட்’ எழுதி, அதோடு ஒட்டி ஏ, டி, டி, ஆர். பிறகு அடைப்புக்குறிக்குள், இரட்டை மேற்கோளில் கோப்பின் முழுப் பாதை. என்டர் தட்டினால் ஓர் எண் வரும். கோப்பே இல்லையென்றால் 53ஆம் பிழை.

2. எண்ணைப் பிரியுங்கள்

ரீட் ஒன்லி 1, மறைத்தது 2, சிஸ்டம் 4, ஃபோல்டர் 16, ஆர்கைவ் 32. வருவது இவற்றின் கூட்டுத்தொகை. 33 என்றால் 32+1. (ஆர்கைவ் என்பது பேக்கப் மென்பொருளுக்கான குறி. கண்டுகொள்ள வேண்டாம்.) எல்லாமே இரண்டின் அடுக்குகள், ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் சேர்க்கலாம். ஆகவே எந்தத் தொகையும் ஒரே விதமாகத்தான் பிரியும். திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளைப் பிரித்தாலும் 256+64+32+8+4+1தான், வேறு வழியில்லை.

3. சமக்குறி வேண்டாம்

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ‘விடை 1க்குச் சமமா?’ என்று கேட்டால், 33 வந்த பூட்டிய கோப்புக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும். ஒன்டிரைவ் கோப்புகளுக்கு வேறு குறிகளும் சேர்ந்து எண் லட்சக்கணக்கில் போகலாம். வந்த எண்ணையும் 1ஐயும் ‘ஆண்ட்’ போட்டு இணையுங்கள். விடை பூஜ்யம் இல்லையென்றால் பூட்டியிருக்கிறது. அந்த இணைப்பு முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்தபின்பே பூஜ்யத்தோடு ஒப்பிடுங்கள். விபிஏ ஒப்பீட்டை முதலில் செய்து, ‘ஆண்ட்’டைப் பிறகுதான் பார்க்கும். அடைப்புக்குறி விட்டுப்போனால் பூட்டாத கோப்பும் பூட்டியதாகத் தெரியும்.

4. தமிழ், தெலுங்குப் பெயர்கள்

கெட்அட்டர் யூனிகோடுக்கு முந்தைய காலத்துச் சரக்கு. பெயர் தமிழிலோ தெலுங்கிலோ இருந்தால் பெரும்பாலும் பிழைதான். எடிட்டரிலும் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறும். பாதையை எக்செல் கட்டத்தில் எழுதி, அங்கிருந்து எடுத்து, ‘ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்’ வழியாகக் கோப்பின் ‘அட்ரிபியூட்ஸ்’ கேளுங்கள். மேலே சொன்ன அதே எண்கள் வரும்.

5. பூட்ட, திறக்க

பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் ‘செட்அட்டர்’ போதும். கோப்பை மூடிவிட்டுச் செய்யுங்கள். திறந்திருந்தால் பிழை வரும்.