காமிராவும் சுமையும்

மயிலிறகு மெல்லியதே, ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்திய உண்மை. அரசர்க்குக் கூறிய இவ்வறிவுரை, நிழற்படம் எடுக்கப் புறப்படும் மாணவர்க்கும் ஏற்புடையதாம்.

சென்ற தை மாதத்தில் நண்பர் இருவருடன் யான் ஸ்ரீபெரும்புதூருக்குச் சென்றேன். இராமாநுசர் பிறந்த அவ்வூரின் பழைமையையும், ஒரகடம் வரை எழுந்துள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளின் புதுமையையும் நம் மலருக்காகப் படம் பிடிப்பதே எம் நோக்கம். இரவல் வாங்கிய காமிரா இரண்டு, லென்ஸ் நான்கு, முக்காலி ஒன்று ஆகியவற்றை உடன் கொண்டேன். நண்பகலுக்குள் என் தோள் சோர்ந்தது. முக்காலியை ஒரு நண்பரிடமும், பையொன்றை மற்றவரிடமும் கொடுத்தேன்.

ஒரகடத்தில் வேலை முடிந்து வந்த இளந்தொழிலாளி ஒருவர், மோர் விற்கும் மூதாட்டியின் பானையைத் தாம் வாங்கிக்கொண்டு, அவரைக் கைப்பிடித்துச் சாலையைக் கடப்பித்தார். யானோ அப்பொழுது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். நண்பர் இருவர் கைகளிலும் என் சுமை. நிமிர்ந்து நோக்குமுன் காட்சி மறைந்தது. லாரிகள் எழுப்பிய புழுதி காமிராவினுள் புகுந்து, பின்னர் எடுத்த படங்களிலெல்லாம் கரும்புள்ளியாய்ப் படிந்தது.

ஆயின், குறைவாகக் கொள்வதே எக்காலும் நன்றோ? அன்று. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக 1856இல் அமர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பார், 1857–58இல் திருச்சி, மதுரை, தஞ்சை முதலிய இடங்களுக்குப் பெருங்கருவிகளுடன் பிரயாணம் செய்தார். அக்காலத்தில் மூலப்படம் எவ்வளவோ, அச்சுப்படமும் அவ்வளவே. ஆதலின் பெரிய படத்திற்குப் பெரிய காமிரா வேண்டியதாயிற்று. எனினும் அவரும் ஆராய்ந்தே கொண்டார். கொல்லோடியன் பூசிய கண்ணாடியை ஈரம் உலருமுன் அவ்விடத்திலேயே கழுவவேண்டும். அதற்கு இருட்டறைக் கூடாரமும் உடன் செல்லவேண்டும். மெழுகிட்ட தாளையோ முன்னரே ஆயத்தம் செய்து, பின்னர்க் கழுவலாம். 1855இல் பர்மாவுக்குச் சென்றபோது அவர் தாளையே கையாண்டார். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளக் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அவர் கொண்ட சுமை, அவர் கொண்ட பணிக்கு அளவாயிருந்தது.

எனவே, புறப்படுமுன் வினவத்தக்கவை மூன்று. எதனைப் படம் பிடிக்கப் போகிறோம்? அந்தியில் ஆலை விளக்குகளை எடுப்பார்க்கு முக்காலி இன்றியமையாதது; பகலில் தெருமக்களை எடுப்பார்க்கு அது வீண்; 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே போதும். எவ்வளவு தூரம் நடப்போம்? வண்டி உடன்வரின் மிகுதியும் கொள்ளலாம். நடப்பின் ஒருகையால் தூக்கக்கூடியதே அளவு. யார் சுமப்பார்? பிறர் தோளை நம்பி ஒன்றையும் எடுத்தலாகாது. மாற்று மின்கலமும் நினைவட்டையும் மட்டும் எஞ்ஞான்றும் வேண்டும். அவையின்றேல் ஏனையவெல்லாம் வெறும் பாரமே.

அடுத்த வாரம் ஒரே காமிரா, ஒரே லென்ஸுடன் ஒரகடம் சென்றேன். மூதாட்டியைக் கண்டு, அவர் இசைவுடன் ஒரு படம் எடுத்தேன். அது நல்ல படமே. ஆயினும் பானையைத் தாங்கிய அந்த இளைஞர் அதில் இல்லை.