தொடக்கம் தேடி: ராஜினாமா செய்தவரே மறுபடி வேட்பாளர்

கேள்வி: எங்கள் தொகுதியில் 2011 ஏப்ரலில் அரிவாள் சுத்தியல் சின்னத்தில் ஜெயித்தவர், 2012 ஜூனில் கை சின்னத்தில் நின்று மறுபடி ஜெயித்தார். ஆளும் அவரே, தொகுதியும் அதே. பதவியை விட்டுவிட்டு, வேறு கட்சியில் சேர்ந்து, அதே தொகுதியில் நிற்கும் இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது யார்?
— ஒரு வாசகர், காரோடு, நெய்யாற்றின்கரை வட்டம்

பதில்: நிச்சயமாக உங்கள் ஊர்க்காரர் இல்லை. அவருக்கு 64 வருடம் முன்பே இது நடந்துவிட்டது. முதலில் தொடங்கியது யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது; பழைய பெரிய உதாரணம் ஆச்சார்ய நரேந்திர தேவ்.

1948 மார்ச்சில் சோஷலிஸ்டுகள் காங்கிரசை விட்டு வெளியேறினார்கள். ஐக்கிய மாகாணச் (இன்றைய உத்தரப் பிரதேசம்) சட்டமன்றத்தில் அப்போது நரேந்திர தேவும் அவருடைய சகாக்கள் சிலரும் உறுப்பினர்களாக இருந்தார்கள். கட்சியை விட்டாலும் நாற்காலியை விடவேண்டும் என்று எந்தச் சட்டமும் அன்று சொல்லவில்லை. இருந்தும் பதவி விலகினார்கள். காங்கிரஸ் பெயரைச் சொல்லி வாங்கிய நாற்காலி, காங்கிரசில் இல்லாதபோது அதில் உட்காரக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. இடைத்தேர்தலில் ஃபைசாபாத்தில் நின்ற நரேந்திர தேவை, காங்கிரஸ் நிறுத்திய பாபா ராகவ தாஸ் என்ற துறவி தோற்கடித்தார். பிரசாரத்தில் ஆச்சார்யரின் கடவுள் நம்பிக்கை வரை இழுக்கப்பட்டது. அந்தப் பழைய உதாரணம் முடிந்தது ஒரு தோல்வியில்தான்.

அடுத்த பெரிய பெயர் ஹேமவதி நந்தன் பகுகுணா. 1980ல் இந்திரா காங்கிரஸ் வேட்பாளராகக் கார்வால் மக்களவைத் தொகுதியில் ஜெயித்தார். சில மாதங்களில் கட்சியோடு முறித்துக்கொண்டு பதவி விலகினார். இடைத்தேர்தல் ஒருமுறை ரத்தாகி, கடைசியில் 1982ல் நடந்தது. மத்திய அரசே எதிர்த்து நின்றபோதும் பகுகுணா ஜெயித்தார். சட்டக் கட்டாயம் அப்போதும் இல்லை.

இங்கிலாந்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். ஹல் சென்ட்ரல் தொகுதியின் லிபரல் உறுப்பினர் கென்வொர்தி 1926ல் லேபர் கட்சிக்குப் போனார். பதவியை விட்டு, அதே வருடம் நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் லேபர் வேட்பாளராகவே ஜெயித்தார். (அங்கே பதவி விலகுவதே ஒரு நாடகம். 1624ல் போட்ட தீர்மானத்தின்படி நாடாளுமன்ற உறுப்பினர் ராஜினாமா செய்ய முடியாது. ஆகவே 'சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்' என்ற, வேலையே இல்லாத அரச வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அரச வேலை வந்தால் உறுப்பினர் பதவி தானாகப் போகும்.)

இதெல்லாம் மானப் பிரச்சினையாக இருந்த காலம். 1985 அதை மாற்றியது. அந்த வருடம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 52வது அரசியல் சட்டத் திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. கட்சியைத் தானாக விட்டால் பதவி போகும். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் போகும். மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பலாம் என்று வைத்திருந்த ஓட்டையை 2003ல் 91வது திருத்தம் அடைத்தது. கேரளத்தில் இந்தச் சட்டத்தில் முதலில் பதவி இழந்தவர் ஆர். பாலகிருஷ்ண பிள்ளை, 1990ல்.

பல கதவுகளைச் சாத்திய சட்டம் இந்த ஒரு கதவைச் சாத்தவில்லை: ராஜினாமா. தானாக விலகி, புதுக் கட்சியில் சேர்ந்து, மக்களிடமே திரும்பிப் போகிறவரைச் சட்டம் தடுக்காது. தடுக்கவும் கூடாது என்பது என் கட்சி. ஆனால் நரேந்திர தேவ் நெறி என்று செய்ததை மற்றவர்கள் வழி என்று பிடித்துக்கொண்டார்கள். கர்நாடகத்தில் 2008லும் 2019லும், மத்தியப் பிரதேசத்தில் 2020லும் கூட்டமாகவே ராஜினாமா செய்து ஆட்சியையே நிலைநிறுத்தினார்கள் அல்லது கவிழ்த்தார்கள். தமிழ்நாட்டில் செந்தில் பாலாஜியின் கதை சற்று வேறு. அவர் விலகவில்லை, 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்த 18 பேரில் ஒருவர். 2016ல் இரட்டை இலையில் ஜெயித்த அதே அரவக்குறிச்சியில் 2019 மே மாதம் உதயசூரியனில் ஜெயித்தார்.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். நீங்கள் பெயர் எழுதவில்லை; ஆர். செல்வராஜைத்தான் சொல்கிறீர்கள். 2006ல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் பாறசாலையில் ஜெயித்தவர். 2011ல் கட்சி அவரைப் பக்கத்துத் தொகுதியான நெய்யாற்றின்கரைக்கு மாற்றியது. அங்கே 1991, 1996, 2001 என மூன்று முறை ஜெயித்திருந்த காங்கிரசின் தம்பானூர் ரவியை 6,702 ஓட்டில் தோற்கடித்தார். அதே தேர்தலில் அவர் விட்டுவந்த பாறசாலையில் மார்க்சிஸ்ட் கட்சி 505 ஓட்டில் தோற்றது.

அந்தச் சட்டமன்றத்தில் உம்மன் சாண்டியின் காங்கிரஸ் கூட்டணி அரசுக்கு 140ல் 72 பேர். எதிரணியில் 68. ஒருவர் இருமினால் ஆட்சி குலுங்கும் நிலை. 2012 மார்ச் 9ஆம் தேதி, பிறவம் இடைத்தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, செல்வராஜ் சபாநாயகர் ஜி. கார்த்திகேயனிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். கட்சிக்குள் இருந்த கோஷ்டிப் பூசலைக் காரணமாகச் சொன்னார். குதிரைப் பேரம் என்றது மார்க்சிஸ்ட் கட்சி. பிறகு அவர் காங்கிரசில் சேர்ந்து கை சின்னத்தில் வேட்பாளரானார்.

ஜூன் 2ஆம் தேதி ஓட்டுப்பதிவு. மார்க்சிஸ்ட் வேட்பாளர் எஃப். லாரன்ஸ், பாஜகவுக்கு ஓ. ராஜகோபால். இடையில் மே 4ஆம் தேதி, மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்துபோன டி.பி. சந்திரசேகரன் கோழிக்கோடு மாவட்டத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். மாநிலம் முழுக்க அதே பேச்சு. ஓட்டுப்பதிவு அன்றே மார்க்சிஸ்ட் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன், சந்திரசேகரனின் ஊரான ஒஞ்சியத்துக்குப் போய் அவருடைய மனைவி கே.கே. ரமாவைப் பார்த்தார். சொந்தக் கட்சிக்கு அவர் அன்று கொடுத்த தலைவலிக்கு எல்லை இல்லை. இன்னொரு பக்கம் கூட்டணியில் இருந்த முஸ்லிம் லீக்குக்கு ஐந்தாவது அமைச்சர் கொடுத்த விவகாரம் காங்கிரசுக்குக் கசந்துகொண்டிருந்தது.

ஜூன் 15ஆம் தேதி எண்ணினார்கள். செல்வராஜ் 52,528. லாரன்ஸ் 46,194. ராஜகோபால் 30,507. வித்தியாசம் 6,334.

'மக்கள் ஆளைத்தான் பார்க்கிறார்கள், கட்சியை அல்ல' என்று சிலர் அன்று எழுதினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 2011ல் அவர் வாங்கியது 54,711, அடுத்து 52,528. குறைந்தது 2,183 மட்டுமே. ஆனால் சின்னத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கை 48,009லிருந்து 52,528க்கு ஏறியது: 4,519 கூடுதல். அரிவாள் சுத்தியல் 54,711லிருந்து 46,194க்கு இறங்கியது: 8,517 குறைவு. ஆக, செல்வராஜ் தன்னோடு கூட்டிவந்தது அனேகமாகச் சில ஆயிரம் ஓட்டுதான். மீதி எல்லாம் ஏற்கெனவே கையில் இருந்தது. அவர் பெயருக்கு எதிரே இருந்த எண் பெரிதாக மாறவில்லை. எண்ணுக்குப் பின்னால் இருந்த முகங்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. பெரிய மாற்றம் நடந்தது மூன்றாவது வரியில்: முந்தைய வருடம் ஏழாயிரத்துக்கும் கீழே இருந்த தாமரை முப்பதாயிரத்தைத் தாண்டியது.

அடுத்த இரண்டு தேர்தலையும் சேர்த்தால் வேடிக்கை முழுமையாகும். 2016ல் செல்வராஜுக்கு 54,016 ஓட்டு. ஜெயித்த இடைத்தேர்தலை விட அதிகம். ஆனால் 9,543 ஓட்டில் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ஆன்சலனிடம் தோற்றார். 2021ல் 51,235, அதே ஆன்சலனிடம் தோல்வி, வித்தியாசம் 14,262. நான்கு தேர்தல், இரண்டு சின்னம், இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. அவர் ஓட்டு மட்டும் ஐம்பத்தோராயிரத்துக்கும் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் நடுவிலேயே நின்றது. ஜெயித்ததையும் தோற்றதையும் தீர்மானித்தது அவருக்கு விழாத ஓட்டு எப்படிப் பிரிந்தது என்பதுதான். 2016ல் தாமரை 15,531க்கு இறங்கியபோது அரிவாள் சுத்தியல் 63,559க்கு ஏறியிருந்தது.

கேள்வி: எங்கள் பாறசாலையில் இதற்கு முன் யாரும் கட்சியை மீறி ஜெயித்ததில்லையா?
— ஒரு வாசகர், செறுவாரக்கோணம்

பதில்: ஜெயித்திருக்கிறார். என். சுந்தரன் நாடார். காங்கிரஸ்காரரான அவர் 1996ல் சுயேச்சையாக நின்று பாறசாலையைப் பிடித்தார். 2001ல் மறுபடி காங்கிரஸ் சின்னத்தில் அதே தொகுதி. அந்தச் சட்டமன்றத்தில் துணை சபாநாயகரும் ஆனார். 2006ல் அவரைத் தோற்கடித்தவர்தான் மேலே சொன்ன செல்வராஜ். சுயேச்சையாக ஜெயிப்பதற்கு ராஜினாமாவைவிட நெஞ்சுரம் அதிகம் வேண்டும் என்பேன். கட்சியின் ஓட்டே இல்லாமல் தொடங்க வேண்டுமே.

கேள்வி: 'கட்சி தாவல்' என்று நாம் சொல்வதை மலையாளத்தில் 'கூறுமாற்றம்' என்கிறார்கள். 'கூறு' என்றால் நமக்குப் பங்குதானே?
— ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: அதே சொல்தான். நிலத்தைக் கூறு போடுகிறோம், மீனைக் கூறு கட்டி விற்கிறோம். மலையாளத்தில் பங்கு என்ற பொருளோடு, 'யார் பங்கில் நிற்கிறான்' என்ற பொருளும் சேர்ந்து விசுவாசம் என்றாகிவிட்டது. ஆகவே கூறுமாற்றம் என்றால் விசுவாசம் மாறுவது. பேச்சில் 'காலுமாற்றம்' என்றும் சொல்வார்கள். கால் மாற்றி நிற்பது. நம் 'தாவல்' மரத்துக்கு மரம் போகும் ஒன்றை நினைவூட்டுகிறது. மூன்றில் தமிழ்தான் கடுமை.

வடக்கே 'ஆயா ராம், கயா ராம்' என்பார்கள். 1967ல் ஹரியானாவில் ஹசன்பூர் தொகுதியில் சுயேச்சையாக ஜெயித்த கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை அணி மாறியதில் பிறந்தது அது. 'வந்தார் ராம், போனார் ராம்' என்று பொருள். 1985 சட்டத்துக்குத் தூரத்துத் தகப்பன் அந்தக் கயா லால்தான்.

கேள்வி: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓட்டர் பட்டியலைப் பார்த்தால் செல்வராஜ், சுந்தரன், தங்கராஜ் என்று பாதி தமிழ்ப் பெயராக இருக்கிறதே, ஏன்?
— ஒரு வாசகி, குழித்துறை

பதில்: எல்லைக் கல் நட்டது 1956ல். பெயர்களுக்கு வயது அதிகம். தென் திருவிதாங்கூரின் தமிழ் பேசும் வட்டங்கள் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியபோது அந்தக் கோரிக்கைப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி வந்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், அந்தப் பக்கம் செங்கோட்டையின் ஒரு பகுதியும். நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் தேவாலயமும் சந்தையும் எல்லைக்கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை.

அரசியலும் நிற்கவில்லை. உங்கள் விளவங்கோட்டில் 2011, 2016, 2021 என மூன்று முறை காங்கிரஸ் சார்பில் ஜெயித்த விஜயதரணி 2024 பிப்ரவரியில் பாஜகவில் சேர்ந்து பதவி விலகினார். ஏப்ரல் 19ஆம் தேதி மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தலும் நடந்தது. ராஜினாமா செய்தவருக்குப் புதுக் கட்சி அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. ஜெயித்தது காங்கிரசின் தாரகை கத்பர்ட்.

கேள்வி: கேரளத் தொகுதிகளில் நெய்யாற்றின்கரைக்கு ஏன் 140ஆம் எண்?
— அதே காரோடு வாசகர்

பதில்: வடக்கே மஞ்சேஸ்வரத்தில் 1 என்று தொடங்கித் தெற்கே இறங்கி எண்ணினார்கள். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் 1 என்று தொடங்கிய எண் கிள்ளியூரில் 234 என்று முடிகிறது. பொழியூர்க் கடற்கரையிலிருந்து நீரோடிக்கு நடந்து பாருங்கள். ஒரு மாநிலத்தின் கடைசித் தொகுதியிலிருந்து இன்னொரு மாநிலத்தின் கடைசித் தொகுதிக்குள் போய்விடுவீர்கள்.