காலண்டரில் காய்ச்சலுக்கும் ஒரு கட்டம்

கேஸ் சிலிண்டர் வந்த தேதி காலண்டரில் இருக்கிறது. பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி இருக்கிறது. தாத்தாவுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாள் மட்டும் எங்கும் இல்லை. டாக்டர் கேட்டால், "ரெண்டு மூணு நாளா இருக்கு" என்கிறோம். "இல்லடா, முந்தாநாள் ராத்திரிதானே!" என்று பாட்டி திருத்துகிறார். ரெண்டா மூணா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஐப்பசி பிறக்கப்போகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். வடக்கே டெல்லி, லக்னோ பக்கம் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறும். சென்னையிலும் வேலூரிலும் நம் மழையோடு சேர்ந்து அக்டோபர், நவம்பரில்தான் உச்சத்துக்குப் போகும். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு வீடே ஓர் அறையில் படுக்கிற மாதங்கள் இவை. டெங்குவும் இதே வாரங்களில்தான் தலைதூக்கும். ஆகவே பொங்கல் வரைக்குமாவது சென்னை வீடுகளில் ஒரு காய்ச்சல் கணக்கு வேண்டும்.

பெரிய வேலை இல்லை. யாருக்கு, எந்தத் தேதி, காலையா ராத்திரியா, தெர்மாமீட்டரில் எவ்வளவு, இருமல் சளி உண்டா, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். நெற்றியில் புறங்கை வைத்துப் பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கிப் பத்து நாளுக்குள் என்றால் அதை ஃப்ளூ போன்ற நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. வயதானவர்களுக்கு இந்த அளவுகோல் எப்போதும் பொருந்தாது. காய்ச்சலே ஏறாமல் சோர்ந்து படுப்பார்கள், சாப்பாட்டைத் தள்ளுவார்கள், பேச்சுக் குழம்பும். அதையும் எழுதுங்கள்.

வீடுகளைக் கேட்டுக் கேட்டே சளி காய்ச்சலைப் படித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெகும்சே என்ற சிற்றூரில் 1965இல் தொடங்கி, வாராவாரம் குடும்பங்களுக்கு போன் போட்டு "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்து எழுதி வைத்தார்கள். அந்த வேலையை நம் வீட்டில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

எழுதினால் வரிசை தெரியும். திங்களன்று யூகேஜி பிள்ளை, புதன் ராத்திரி அம்மா, வெள்ளியன்று தாத்தா. ஃப்ளூ தொற்றியதிலிருந்து காய்ச்சல் வர ஒன்று முதல் நான்கு நாள், பெரும்பாலும் இரண்டு நாள் ஆகும். பிள்ளைக்கு எழுதிய அன்றே தாத்தாவின் பாயை அறையின் மறுகோடிக்கு மாற்றுங்கள். தனி அறை கொடுங்கள் என்று சொல்வது எளிது. ஒற்றை அறை வீட்டில் அது நடக்காது. காய்ச்சல்காரரை ஜன்னலோரம் படுக்க வையுங்கள், மழை விட்டதும் ஜன்னலைத் திறங்கள், கவனித்துக்கொள்பவர் மாஸ்க் போடட்டும். டம்ளரும் துண்டும் தனி. மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். (ஒருநாள்கூட லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை மழைக்காலத்திலாவது பள்ளிகள் நிறுத்திவைக்கலாம்.)

நாள் கணக்கு டாக்டருக்கு எதற்கு? ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகள், 65 வயது கடந்தவர்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மூன்றாம் நாள்வரை பொறுத்துப் பார்க்கக் கூடாது. டெங்குவில் கணக்கு வேறு. இருமல் சளி அதிகம் இராது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியாகும்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு குடுங்க" என்று கேட்டு, பெயரில்லாத நாலு மாத்திரையைக் காகித உறையில் வாங்கி வராதீர்கள். அதில் ஆன்டிபயாடிக் இருந்தால் வைரஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே இதைச் சொல்லி எச்சரித்தது; காய்ச்சல் மூன்று நாளில் போகும், இருமல் மூன்று வாரம்வரை இழுக்கும் என்றும் சொன்னது. இப்போதைக்குப் பாராசிட்டமால் போதும். சளி மாத்திரையிலும் அதுவே கலந்திருக்கலாம் என்பதால் அட்டையைப் படித்துவிட்டுக் கொடுங்கள். டெங்குவா என்று தெரியாதவரை ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம். கஞ்சியும் மிளகு ரசமும் தாராளமாக. நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளுக்குக் கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். சளியைவிட வெந்நீர்க் காயம் கொடியது.

குழந்தை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அதற்கும் சின்னக் குழந்தைக்கு 60 அல்லது மேல் என்றால் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களுக்கு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாவது, ஆக்சிஜன் 94க்குக் கீழே போவது, விட்ட காய்ச்சல் இருமலோடு திரும்பி வருவது: இவற்றில் எது வந்தாலும் 108. சந்தேகம் கேட்க 104.

ஃப்ளூ தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் கழித்தே பாதுகாப்பு வரும், ஆண்டுதோறும் போட வேண்டும். மழை தொடங்குமுன் தாத்தா பாட்டியை அழைத்துப் போங்கள். போட்ட தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், பக்கத்திலேயே ஒரு பேனாவையும் நூல் கட்டித் தொங்கவிடுங்கள்.