படலை திறவாத வீடுகள்



உங்கள் ஊரில் பகல் முழுதும் படலை திறவாத வீடுகள் எத்தனை? எண்ணிப் பாருங்கள். அவற்றுட் சிலவற்றில் வயது சென்ற ஒருவர் தனியே இருப்பார். பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பர். பணம் வரும், தொலைபேசி அழைப்பும் வரும். ஆனால், “என்னணை ஆச்சி, சாப்பிட்டாச்சோ?” என்று முற்றத்தில் நின்று கேட்க ஆளில்லை.

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 60 வயதும் அதற்கு மேலுமானோர் 6.6 வீதத்தினர். 2012இல் இது 12.4 வீதமாயிற்று. முதியோர் பெருக, போரினாலும் தொழில் தேடியும் இளையோர் கிராமங்களை விட்டகன்றனர்.

தனியே வாழ்வது வேறு. தனிமைப்பட்டுப் போவது வேறு. பின்னையது ஒரே நாளில் வருவதன்று. முதலிற் காது மந்தமாகும். இருமுறை கேட்க வெட்கப்பட்டு அவர் பேச்சைக் குறைப்பார். அடுத்துக் கண்ணில் வெண்புரை படரும். இருட்டுக்கு அஞ்சி மாலைச் செபத்துக்கு வரமாட்டார். பின்னர் முழங்கால் நோகும். பஸ்ஸின் உயர்ந்த படி ஏற முடியாது. ஈற்றில் ஊரார், “அவர் ஒருவரோடும் சேரமாட்டார்” என்பார்கள். அவருடைய இயலாமையை நாம் குணமென்று எண்ணிவிடுகிறோம். இதுவே நமது தவறு.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவைக் கோரலாம். நல்ல சட்டந்தான். எனினும், அருகிலிருந்து பேசும் ஒருவரைச் சட்டம் தரமாட்டாது.

ஆதலால், ஒவ்வொரு தடையாக நாமே அகற்றுவோம். காது மந்தமானவரிடம் முகம் பார்த்து ஆறுதலாகப் பேசுங்கள். வெண்புரையைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். கிராமத்து முதியோர் சங்கக் கூட்டத்துக்கும் துணை போங்கள். நாள் குறித்துச் செல்லுங்கள். “செவ்வாய் வருவேன்” என்றால் செவ்வாய் தவறக்கூடாது. அவர் எதிர்பார்த்திருப்பார். வெறுமனே உதவி செய்யாது, அவரிடம் உதவியும் கேளுங்கள்: ஊறுகாய் போடும் பக்குவம், பழைய காணி எல்லை, பிள்ளைக்கு ஒரு கதை. தாம் இன்னும் வேண்டப்படுகிறவர் என்பதை அப்போது அவர் உணர்வார்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளே, அயல்வீட்டாருக்கும் ஒரு முறை பேசுங்கள். “அம்மாவை எட்டிப் பாருங்கள்” என்று கேட்பதில் வெட்கமில்லை.

ஞாயிறு கோவிலில் வழமையான ஓரிடம் வெறுமையாயிருக்கிறதா? பூசை முடிந்ததும் அந்த வீட்டுப் படலையைத் திறவுங்கள்.