மிடி நிகழ்வுகளை ஒழுங்குபடுத்தலும் திருத்தலும்

மாணவர்களே, பல்லூடக அலகில் ஒலிக் கோப்பு வகைகளைக் கேட்டால் வேவ், எம்பி3 என்பவற்றோடு மிடியையும் ஒன்றாக எழுதிவிட்டு, "மூன்றிலும் ஒலி பதியப்பட்டிருக்கும்" என விளக்கம் கொடுப்போர் பலர். புள்ளி போவது இங்கேதான். மிடிக் கோப்பில் ஒலி இல்லை. எந்தச் சுரத்தை, எப்போது, எவ்வளவு விசையுடன் வாசிப்பது என்ற அறிவுறுத்தல்களே உள்ளன. இத்தகைய அறிவுறுத்தல் ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு எனப்படும். வெவ்வேறு கம்பனிகளின் இலத்திரனியல் இசைக்கருவிகள் தமக்கிடையே தொடர்பாடுவதற்கென 1983 இல் உருவான நியமமே மிடி.

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைற்றுகள் செல்லும். உதாரணமாக 144, 60, 100 என்பதை எடுப்போம். 144 ஐத் துவிதத்தில் எழுதினால் 10010000. இதில் 1001 என்பது சுரம் தொடங்கல், 0000 என்பது முதலாம் அலைவரிசை (எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குவதைக் கவனிக்க. மொத்தம் 16). 60 சுர இலக்கம், 100 அழுத்திய விசை. தரவுப் பைற்றின் முதற் பிற்று எப்போதும் 0 ஆதலால் எஞ்சிய 7 பிற்றுகளில் 0 முதல் 127 வரையே எழுதலாம்.

கட்டையை விட்டதும் சுரம் நிறுத்தல் நிகழ்வு செல்ல வேண்டும். விசை 0 உடைய தொடங்கலும் நிறுத்தலாகவே கொள்ளப்படும். திருத்தும்போது நிறுத்தலை மட்டும் அழித்துவிட்டால் சுரம் ஓயாமல் ஒலிக்கும். எனவே சுரம் ஒரு பட்டையாகத் தெரியும் பியானோ ரோல் திரையில் அழிப்பதே பாதுகாப்பானது. வாத்தியத்தை மாற்றும் நிகழ்வு, அவ்வாத்தியத்தின் முதற் சுரத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அச்சுரம் பழைய வாத்தியத்திலேயே ஒலிக்கும்.

அடுத்தது குவான்டைஸ். முன்பின்னாக வாசித்த சுரங்களை மென்பொருள் மிக அண்மையிலுள்ள கட்டக் கோட்டுக்கு நகர்த்துவதே இது. ஓர் அடிக்கு 480 டிக், நிமிடத்துக்கு 120 அடி என்க. ஓர் அடி 0.5 செக்கன், ஒரு டிக் ஏறத்தாழ 1.04 மில்லிசெக்கன். கால் அடிக் கட்டம் 120 டிக். 497 இல் உள்ள சுரம் 480 க்கு வரும், அதாவது 17 டிக், ஏறத்தாழ 18 மில்லிசெக்கன் முன்னகரும். நல்லதே. ஆனால் திஸ்ர நடையில் சுரங்கள் 0, 160, 320 இல் விழும். (சங்கீதம் படிப்போருக்கு இது உடனே விளங்கும்.) அதே கட்டத்தில் குவான்டைஸ் செய்தால் 160 ஆனது 120 க்கும், 320 ஆனது 360 க்கும் போய் நடையே கெட்டுவிடும். முதலில் கட்டத்தை 160 ஆக்குங்கள்.

சுருதியை உயர்த்துவது இலகு: இரண்டு அரைச்சுரம் வேண்டுமெனில் சுர இலக்கங்களுடன் 2 ஐக் கூட்டினால் போதும். பொது மிடி நியமத்தில் தாள வாத்தியங்களுக்குரிய 10 ஆம் அலைவரிசையை மட்டும் தொடாதீர்கள். அங்கே 36 பேஸ் டிரம், 38 ஸ்நேர். 2 ஐக் கூட்டினால் ஒன்று மற்றதாகிவிடும்.

பயிற்சி: 10010010, 62, 0 என்னும் நிகழ்வு யாது? (முதற் பைற்று துவிதத்திலும் ஏனையவை பதின்மத்திலும் தரப்பட்டுள்ளன.)

விடை: மூன்றாம் அலைவரிசையில் 62 ஆம் சுரத்தை நிறுத்தல்.